முடிச்சூர் என்று எழுதுங்கள்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்தது அருகிலுள்ள மருத்துவமனையால். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆரோக்கிய இல்லம் அது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அரசு ஏடுகளில் அது நெஞ்சக நோய் மருத்துவமனை. பல்லாவரத்திலோ சேலையூரிலோ ஆட்டோ ஏறுகிறவர் சொல்வது டி.பி. ஆஸ்பத்திரி. வயதானவர்களுக்குச் சானடோரியம் ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லையே, எங்கே கூட்டிப்போவது என்று இரவில் கைபேசியை எடுக்கும் மகள் இந்தப் பெயர்கள் எதையும் எழுதாமல் ‘தாம்பரம் நுரையீரல் டாக்டர்’ என்று மட்டும் தட்டக்கூடும். சிலர் குரலில் கேட்பார்கள். சிலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். கட்டடம் ஒன்றுதான், அதைத் தேடி வரும் சொற்கள் எத்தனையோ.

ஒரு வலைப்பக்கத்தைத் தேடுபொறியில் மேலே கொண்டுவரும் வேலையைத் தொழில் வட்டாரத்தில் எஸ்.இ.ஓ. என்பார்கள். வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் அதைச் சொல்லித்தரும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கேட்டால் கருவிகளின் பெயர்கள் முதலில் வரும். ஆனால் இதன் அறிவியல் கருவிகளில் தொடங்கவில்லை. ஒரே பொருளை நாம் எத்தனை பெயரில் அழைக்கிறோம் என்ற கேள்வி அதன் வேர்களில் ஒன்று.

1987-ல் அமெரிக்காவின் பெல் கம்யூனிகேஷன்ஸ் ரிசர்ச் நிறுவனத்தில் ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லாண்டவர், லூயிஸ் கோமெஸ், சூசன் டூமே ஆகிய நால்வரும் இந்தக் கேள்வியை அளந்து பார்த்தார்கள். சமையல் குறிப்பு, கணினிக் கட்டளை, விற்பனைக்கு வரும் பொருள் எனப் பல துறைகளிலும் ஒரு பொருளைக் காட்டி, இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று பலரிடம் கேட்டார்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. எவ்வளவு பொருத்தமான சொல்லாக இருந்தாலும் அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் கதவைத் தவற விடுவார்கள். அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது: ஒரு பொருளுக்கு மக்கள் வழங்கும் பெயர்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. தேடுபொறிக்கு ஏற்ப எழுதுவது பற்றி இதைவிட உருப்படியான ஆலோசனையை நான் பார்த்ததில்லை.

நாம் கேட்ட நொடியில் தேடுபொறி இணையம் முழுவதையும் ஓடிப் பார்க்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எந்த இயந்திரத்தாலும் முடியாது. கிராலர் எனப்படும் நிரல்கள் முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, அங்குள்ள இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கின்றன. படித்ததை வைத்து, ஒரு நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு போல ஒன்றைத் தயாரிக்கிறார்கள்: ‘பல்’ என்ற சொல் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது, ‘தாம்பரம்’ எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று சொல்லுக்குச் சொல் ஒரு பட்டியல். நீங்கள் ‘தாம்பரம் பல் மருத்துவர்’ என்று கேட்டால் மூன்று பட்டியல்களையும் எடுத்து, மூன்றிலும் இருக்கும் பக்கங்களைப் பொறுக்கி, பிறகு தேடுபொறி வரிசைப்படுத்துகிறது. கேள்வி வந்த பிறகு நடப்பது இவ்வளவுதான். அடைவில் ஏறாத பக்கம் அந்த நொடியில் உலகத்தில் இல்லாத பக்கம்.

ஆங்கிலப் பக்கத்துக்கு இந்த அடைவைத் தயாரிப்பது ஓரளவு எளிது. எழுத்துக்கூட்டல் எதுவானாலும் தாம்பரம் என்ற ஊர்ப்பெயர் அங்கே வேற்றுமைக்கு ஏற்ப மாறுவதில்லை. தமிழில் அது தாம்பரத்தில், தாம்பரத்துக்கு, தாம்பரத்திலிருந்து, தாம்பரத்தைத் தாண்டி, தாம்பரத்தில்தான், தாம்பரமும் என்று நீண்டுகொண்டே போகும். இயந்திரத்துக்கு எழுத்து மாறினால் சொல்லே வேறு. ‘தாம்பரத்தில் உள்ள எங்கள் மருத்துவமனை’ என்று மட்டும் எழுதிய பக்கம், ‘தாம்பரம்’ என்று தேடுகிறவருக்கு வராமலே போகலாம். ‘இல்’, ‘தான்’ ஆகியவற்றை வெட்டி, மிஞ்சும் ‘த்து’-வை ‘ம்’ ஆக்கினால் தாம்பரம் கிடைக்கும் என்று ஒரு விதி எழுதலாம். அதே விதியை ‘முத்து’ என்ற சொல்லிடம் அனுப்பினால் ‘மும்’ என்று திரும்பி வரும். ஆகவே விதி மட்டும் போதாது. அகராதி வேண்டும், விதிவிலக்குகள் வேண்டும், இலக்கணம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அந்த வேலையைச் செய்த இடங்களில் ஒன்று இந்த ரயில் பாதையிலேயே இருக்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து வந்தால் தாம்பரத்துக்கு இரண்டு நிலையம் முன்னால் குரோம்பேட்டை. அங்கே 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரி வளாகம், அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியான அந்த வளாகத்தில் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் இயங்குகிறது. சோபா லலிதா தேவியின் தலைமையில் அங்குள்ள கணினி மொழியியல் குழு தமிழ்ச் சொற்களைப் பகுதி, விகுதியாகப் பிரிக்கும் நிரல்களையும், ஒரு வாக்கியத்தில் எது ஊர்ப்பெயர், எது ஆள்பெயர் என்று அடையாளம் காணும் நிரல்களையும் உருவாக்கியது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் டி.வி. கீதா, ரஞ்சனி பார்த்தசாரதி ஆகியோர், சொல் மாறினாலும் கருத்து ஒன்றாக இருந்தால் கண்டுபிடிக்கும் தமிழ்த் தேடல் முறையில் உழைத்தார்கள். குரோம்பேட்டையும் கிண்டியும், ஐ.ஐ.டி. பம்பாய் ஒருங்கிணைத்த பன்மொழித் தேடல் திட்டம் ஒன்றில் சேர்ந்து வேலை செய்தன. மத்திய அரசின் பணத்தில் நடந்த அந்தத் திட்டத்திலிருந்து ‘சந்தான்’ என்ற தேடுபொறி 2012-ல் வந்தது. சுற்றுலாத் தகவலுக்கு மட்டுமானது. வங்காளம், இந்தி, மராத்தி, தமிழ், தெலுங்கு என்று ஐந்து மொழிகள். அது கூகுளோடு மல்லுக்கட்ட வந்ததல்ல. தமிழில் தேடுவது ஆங்கிலத்தில் தேடுவதிலிருந்து எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் காட்டிய வேலை அது. அதன் பெருமை இந்தப் பகுதியில் குடியிருக்கிறவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

சொல்லுக்கும் கீழே எழுத்தின் சிக்கல் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கிய எண்கள் 2944 முதல் 3071 வரை. சானடோரியத்தை நிறுவிய சௌரிமுத்துவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சௌ’ என்பதில் சகரத்துக்குப் பின் வருவது ஔகாரக் குறி. அதற்கு ஒரே எண். விசைப்பலகையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எகரக் கொம்பைப் போட்டு ‘ள’ என்ற எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். மௌனம், சௌகரியம், பௌர்ணமி எல்லாம் இப்படி இணையத்தில் இரண்டு இரண்டாக உலவுகின்றன. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான். 2005-ல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு அதை இரண்டு வழிகளில் எழுத முடிகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணால் வேறுபாடு காண முடியாது. ஸ்ரீ என்று தொடங்கும் கடைகள் நம் தெருக்களில் எத்தனை! பெரிய தேடுபொறிகள் இத்தகைய இரட்டைகளில் பலவற்றை இணைத்துவிடுகின்றன. ஆனால் ஒரு கடையின் தளத்துக்குள் இருக்கும் சிறிய தேடல் பெட்டி அவ்வளவு சமர்த்தாக இருக்கும் என்று நம்ப முடியாது.

பக்கத்தின் முகவரியில் தமிழைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். ‘தாம்பரம்’ என்பது யூனிகோடில் 8 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட்டு. முகவரியாக அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ஆக, 8 குறியீட்டுச் சொல் 72 எழுத்து நீள முகவரியாகிறது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளின் நீண்ட ஊர்வலம் தெரிவது இதனால்தான். தேடுபொறிக்கு இது தடையே இல்லை, படித்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய இழப்பு பழைய எழுத்துருக்களில் நேர்ந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் ஒதுக்கியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை முன்வைத்து ஓர் ஒழுங்கைக் கொண்டுவரப் பார்த்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தயாரான பி.டி.எஃப். கோப்புகளைத் திறந்தால் கண்ணுக்கு அழகான தமிழ் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உதிரும். இயந்திரம் படிப்பது அந்த உதிரியைத்தான். அச்சடித்த தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் அதற்கு அதுவும் கிடைக்காது. அது ஒரு படம், அவ்வளவே. படத்திலிருந்து தமிழை வாசிக்கும் நிரல்கள் இன்று வந்துவிட்டன என்றாலும் ஒரு அறிவிப்பின் தேதியையும் தெருப்பெயரையும் அவற்றை நம்பி விட்டுவைப்பது தவறு.

இனி, பொறுக்கிய பக்கங்களை எப்படி வரிசைப்படுத்துவது? ஒரு தெளிவான பதில் 1972-ல் கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எழுதிய கட்டுரையில் வந்தது. எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நம் அடைவில் 10 லட்சம் பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘மருத்துவர்’ என்ற சொல் 1 லட்சம் பக்கங்களில் இருக்கிறது. பத்தில் ஒன்று, பத்தை அடிமானமாக வைத்த மடக்கையில் அதன் எடை 1. ‘முடிச்சூர்’ 100 பக்கங்களில்தான் இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒன்று, எடை 4. ‘முடிச்சூர் மருத்துவர்’ என்று ஒருவர் தேடும்போது முடிச்சூர் என்ற சொல் மருத்துவர் என்ற சொல்லைவிட நான்கு மடங்கு கனமாக நிற்கிறது.

மேற்கு தாம்பரத்தில் கிளினிக் வைத்திருப்பவர் தன் பக்கத்தில் ‘சென்னையின் தலைசிறந்த மருத்துவமனை’ என்று எழுதுகிறார். சென்னை, சிறந்த, மருத்துவமனை: மூன்றும் லட்சக்கணக்கான பக்கங்களில் உள்ள சொற்கள், எடை குறைந்தவை. முடிச்சூர், வரதராஜபுரம், அகரம்தென், மாடம்பாக்கம், காமராஜபுரம் என்ற பெயர்கள்தான் கனமானவை. அவற்றை எழுதினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். ஊர்ப்பெயர் எழுத வெட்கப்படுவதால் வாடிக்கையாளரை இழக்கிறார்கள் என்றே சொல்வேன். கடைக்காரரின் இழப்பு அவரோடு போகட்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்படிப்பட்ட இரவில் ஒருவர் தேடுவது சென்னை வெள்ளத்தை அல்ல, தன் நகரை, தன் தெருவை. எந்தச் சொல் உலகத்துக்கு மிக அரிதோ அதுவே அந்த வீட்டுக்காரருக்கு மிக அவசரம். அந்தச் சொல்லை யாராவது எழுத்தில் பதிந்திருந்தால்தான் எந்தப் பொறியும் எடுத்துத் தர முடியும்.

ஒன்றைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனை இங்கே நினைக்காமல் தாண்ட முடியாது. 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரம் காட்டுக்கு அது வந்தது 1937-ல். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார்: சில துண்டுகள், ஒரு கைப்பிடி திருகாணிகள், அவற்றைக் கொண்டு எத்தனை எத்தனையோ பொம்மைகள். அறிவையும் இப்படித் துண்டுகளாக்கிப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-ல் வெளிவந்த அவருடைய கோலன் வகைப்பாடு, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துக் குறித்தது. அந்த முகங்களைப் பின்னாளில் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்தாக அவர் வகுத்தார்.

‘மேற்கு தாம்பரம் ஞாயிற்றுக்கிழமை பல் ரூட் கேனால்’ என்று ஒருவர் கைபேசியில் தட்டுவதைப் பாருங்கள். பல் என்ற உறுப்பு அவர் கணக்கில் ஆளுமை. ரூட் கேனால் என்ற சிகிச்சை ஆற்றல். மேற்கு தாம்பரம் இடம். ஞாயிறு காலம். மக்கள் ரங்கநாதனைப் படிக்காமலே அவர் வகுத்த முகங்களில்தான் கேட்கிறார்கள். 2011-ல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா என்ற குறியீட்டு முறையும் இதே திசையில்தான் போகிறது: இது முகவரி, இது திறந்திருக்கும் நேரம், இது தொலைபேசி எண் என்று பக்கத்துக்குள் இயந்திரத்துக்குப் புரியும்படி தனித்தனியாகக் குறிப்பது. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் யாருக்கு, எது, என்ன செய்கிறீர்கள், எங்கே, எப்போது என்று ஐந்தையும் சரிபார்த்தால் போதும். விலை கொடுத்து வாங்கும் அறிக்கைகள் பலவற்றைவிட அது பயன் தரும்.

பக்கங்களை வரிசைப்படுத்துவதில் அடுத்த பெரிய பாய்ச்சல் 1998-ல். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதோடு பிறர் அதைப் பற்றிச் சொல்வதையும் எண்ணத் தொடங்கினார்கள். இதற்கு முன்னோடி யூஜின் கார்ஃபீல்டு. எந்த ஆய்வுக் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்று 1960-களிலேயே அடைவு போட்டவர். பேஜும் பிரின்னும் இணைப்புகளை மேற்கோளாகக் கொண்டார்கள். இணைப்புகளைக் கண்மூடித்தனமாகச் சொடுக்கிக்கொண்டே போகும் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். நூற்றில் 85 முறை இருக்கும் பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்துப் போகிறார். 15 முறை சலித்துப்போய் எங்காவது குதிக்கிறார். நெடுங்காலம் இப்படித் திரிந்தால் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்திருப்பார்? அதுவே அந்தப் பக்கத்தின் மதிப்பு.

மூன்றே பக்கங்கள் கொண்ட ஓர் உலகத்தில் இதைக் கணக்கிடலாம். ஒரு கல்லூரி, ஒரு புத்தகக் கடை, ஒரு தையல் கடை. இரண்டு கடைகளும் கல்லூரிக்கு இணைப்புத் தருகின்றன. கல்லூரி புத்தகக் கடைக்கு மட்டும் தருகிறது. தையல் கடைக்கு யாருமே தரவில்லை. கணக்குப் போட்டால் கல்லூரிக்கு 48.6 சதவீதம், புத்தகக் கடைக்கு 46.4, தையல் கடைக்கு 5. கல்லூரிக்கு வந்த இணைப்புகள் இரண்டு, புத்தகக் கடைக்கு வந்தது ஒன்றே ஒன்று. ஆனாலும் இரண்டும் ஏறக்குறைய சமம். அந்த ஒரு இணைப்பு யாரிடமிருந்து வந்தது என்பதுதான் காரணம்.

இணைப்பின் மேல் எழுதியிருக்கும் சொற்களையும் பேஜும் பிரின்னும் எண்ணினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூருக்கு அருகே திறந்த முனையத்தின் முழுப்பெயர் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம். ஊர்ப்பெயரால் அதைக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு என்கிறோம். முழுப்பெயரை மட்டும் போட்ட ஒரு பக்கத்துக்கு நூறு பேர் ‘கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு’ என்ற சொற்களின் மேல் இணைப்புக் கொடுத்தால், பக்கத்தில் இல்லாத அந்தப் பெயரும் அதற்குச் சொந்தமாகிவிடும். ஃபர்னாஸ் குழு கேட்ட பல பெயர்களை ஊரே கூடிச் சூட்டுகிறது.

மதிப்பு இணைப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும் இணைப்புகள் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பே ஏமாற்று தொடங்கியிருந்தது: வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதுவது, பக்கத்தின் தலைப்பகுதியில் கீவேர்டுகளைக் கொட்டுவது. அந்தக் கீவேர்டுப் பட்டியலை வரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. 2006-ல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தை, தேடுபொறிக்கு ஒன்றும் மனிதருக்கு வேறொன்றும் காட்டியதற்காகப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். 2011-ல் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடருக்குத் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் வந்திருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அதன் இடம் சரிந்தது. அதே ஆண்டு பாண்டா என்ற மாற்றம் வெற்றுப் பக்கங்களைத் தள்ளியது. அடுத்த ஆண்டு பெங்குவின் விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. ‘முப்பது நாளில் முதல் பக்கம்’ என்று ஒருவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அக்கம்பக்கத் தேடலுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. பொருத்தம், தூரம், பேர்பெற்ற நிலை என்று மூன்றை கூகுள் பார்க்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. ஆனால் தெளிவாகச் சொல்ல முடியும். தாம்பரத்தை ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் கடை, நடந்து போகிறவருக்குச் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறிப் போகும் தூரத்தில் இருக்கலாம். கிழக்கா மேற்கா, ஜி.எஸ்.டி. சாலையா வேளச்சேரி சாலையா, எந்தப் பஸ் நிறுத்தம் என்று எழுதுவது தேடுபவருக்கும் உதவி, பொறிக்கும் உதவி.

பக்கம் திறக்கும் வேகமும் கணக்கில் வருகிறது. முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கைபேசியில் எடுத்த 5 மெகாபைட் படத்தை அப்படியே முகப்பில் போட்டால், நொடிக்கு 4 மெகாபிட் கிடைக்கும் இணைப்பில் அது இறங்க 10 நொடி ஆகும். அதற்குள் தேடியவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். கைபேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கும் மாற்றத்தை முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. கணினித் திரையில் அழகாக இருப்பதால் மட்டும் பயனில்லை.

இப்போது பொறிகள் சொல்லைத் தாண்டிப் பொருளையும் ஊகிக்கின்றன. 2019-ல் கூகுள் தன் தேடலில் சேர்த்த பெர்ட் என்ற மொழி மாதிரி அந்த டிசம்பரில் 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது; தமிழும் அதில் உண்டு. டி.பி. ஆஸ்பத்திரியும் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று என்று யாரும் சொல்லித்தராமலே இத்தகைய மாதிரிகளால் உணர முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு பெயர்களும் அருகருகேயோ ஒரே மாதிரியான சூழலிலோ வரும் வாக்கியங்களை அவை எங்கேயாவது படித்திருக்க வேண்டும். தமிழில் அந்த வாக்கியங்கள் குறைவு. எழுதியதால் வருமானம் வரவும் நெடுநாள் வழியில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றதே 2018 பிப்ரவரியில்தான். கேட்ட கேள்விக்குப் பத்தியாகப் பதில் சொல்லும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் யாரோ எழுதிய பக்கங்களிலிருந்துதான் கற்கின்றன. புறநகரின் மருத்துவமனை, பள்ளி, ஏரி, பேருந்து பற்றித் தமிழில் எழுதாவிட்டால், அந்தக் கருவிகள் வேறு மொழியில் யாரோ எழுதியதை வைத்து நமக்கே பதில் சொல்லும்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உட்பட ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. 70 வார்டுகள் வந்தன. நிர்வாகம் மாறும்போது தளங்களின் முகவரியும் மாறுவது எங்கும் நடப்பது. பழைய முகவரிக்குப் போகிறவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. 301 என்பது அதன் எண். அதைச் செய்தால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகளின் மதிப்பும் கூடவே போகும். செய்யாவிட்டால் அத்தனையும் வீண். எந்த அலுவலகத் தளத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்பவரும் முதல் வாரத்தில் பார்க்க வேண்டிய வேலை இது. வார்டு எண்ணோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதும்படியும் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குடிநீர் வராத வீட்டில் இருப்பவருக்கு வார்டு எண் நினைவுக்கு வராது. சிட்லபாக்கம் என்பது வரும்.

கடையோ கிளினிக்கோ டியூஷன் சென்டரோ நடத்துகிறவராக இருந்தால் உங்கள் தளத்தைக் கைபேசியில் திறந்து, முகவரியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். எழுத்துகள் மேல் நிறம் படிந்தால் அது எழுத்து. படியாவிட்டால் படம். விலைப்பட்டியலையும் வேலை நேரத்தையும் இப்படியே சோதித்துவிட்டு, படமாக இருப்பதையெல்லாம் இன்றே யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து போடுங்கள்.